அத்தியாயம் 7: கரண்ட் போக முதல் சேர்வரைத் தரமுயர்த்துதல்

2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை, கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றிடம் மாட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்கள் இல்லாமற் போயின. சேவையைச் சில மணிநேரத்தில் மீட்டுவிட்டார்கள். அந்த நூறு நாட் கடிதங்களை மீட்க முடியவில்லை. வலையமைப்பிலிருந்து கழற்றி வேறாக வைத்த பிரதி எதுவும் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

அங்கே ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியே நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்குப் போகும் யோசனை 2021 முதலே இருந்ததாகவும், பணத் தட்டுப்பாட்டாலும் முன்னைய நிர்வாக முடிவுகளாலும் அது தள்ளிப்போனதாகவும் அரசின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம் பின்னர் சொன்னது. இது லினக்ஸ் கதை அல்ல. ஆனாலும் லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவருக்கு வேண்டிய இரண்டு பாடமும் இதில் இருக்கின்றன: காலாவதியான பதிப்பு, கழற்றி வைக்காத பெக்கப். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இந்த இரண்டையும் பற்றியதுதான். கட்டளை தட்டும் வேலை அதில் கடைசிக் கால்வாசி.

வன்னியில் சேர்வர்கள் பலவிதம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. அப்படித் தனியாகும் ஒரு நிறுவனம் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிட முடியாது. இணைய முகவரி, மின்னஞ்சல், மாணவர் பதிவு, பாட முகாமைத்துவத் தளம் எல்லாவற்றையும் தன் பெயருக்கு நகர்த்த வேண்டும். இத்தகைய இடங்களில் சேர்வர் அறை இருக்கும், அதைப் பார்க்க ஆளும் இருப்பார். மற்ற ஓரத்தில், பாடசாலைக் கணினி அறையின் மூலையில் மேசைக்கணினி வடிவில் ஒரு சேர்வர் தூசி பிடித்துக் கிடக்கும். அதை நிறுவியவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார். கடவுச்சொல் ஒரு கொப்பியின் பின்னட்டையில் இருக்கும். இந்த அத்தியாயம் கூடுதலாக இரண்டாவது வகைக்கு.

முதலில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ‘எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ’ என்று தட்டினால் சொல்லிவிடும். (இந்நூலில் கட்டளைகள் உச்சரிப்பின்படி தரப்படுகின்றன, விசைப்பலகையில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.) உபுண்டு 20.04 என்று வந்தால், அதன் பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 22.04 என்றால் 2027 வரை, 24.04 என்றால் 2029 வரை காலம் இருக்கிறது. டெபியன் 11 என்றால் அதன் நீண்டகால ஆதரவு 2026 ஓகஸ்ட் வரைதான். சென்ட்ஓஎஸ் 7 என்று வந்தால் பெருமூச்சு விடலாம். அது 2024 ஜூன் 30ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பின் வந்த சென்ட்ஓஎஸ் 8இன் கதை இன்னும் மோசம்: 2029 வரை ஓடும் என்று நம்பி நிறுவியவர்களிடம் 2020 டிசெம்பரில், 2021 முடிவோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். சென்ட்ஓஎஸ் 7இலிருந்து அல்மாலினக்ஸுக்கு நகர்த்த ‘எலிவேட்’ என்ற கருவி உண்டு. ஆனால் ஆளும் நேரமும் குறைந்த இடத்தில், புதிய கணினியொன்றில் புதிதாக நிறுவித் தரவை மட்டும் கொண்டுபோவதே நல்லது.

பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 20.04இலிருந்து 22.04, அங்கிருந்து 24.04. டெபியனிலும் 11, 12, 13 என்று படிப்படியாகத்தான். உபுண்டுவில் இன்னொன்று: நீண்டகாலப் பதிப்பிலிருந்து அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கான வழி, புதிய பதிப்பின் முதலாவது திருத்தம் வந்த பிறகுதான் திறக்கும். 24.04 வெளியானது 2024 ஏப்ரல் 25, 24.04.1 வந்தது ஓகஸ்ட் 29. அப்படியும் தரமுயர்த்தும் கருவியிலேயே ஒரு பெரிய பிழை கண்டு, செப்டெம்பரில் அந்த வழியைக் கொஞ்ச நாள் மூடி வைத்தார்கள். புதிய பதிப்பு வந்த அதே கிழமையில் அவசரப்படுபவருக்கு இது போதுமான எச்சரிக்கை.

இனி நாள் பார்ப்பது. இதில் வன்னிக்காரர் கொழும்புக்காரரைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

சேர்வர் வேலைக்கு எல்லோரும் வார இறுதியைத்தான் தெரிவார்கள், ஒருவரும் பாவிக்க மாட்டார்கள் என்பதால். 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்தொகுதியில் பட்டு முழு இலங்கையும் இருளானது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றதால் அடுத்துவந்த நாட்களிலும் முறை வைத்து மின்வெட்டு. அதற்கு முன் 2023 டிசெம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதும் ஒரு சனிக்கிழமை மாலைதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வெட்டினார்களே, அதற்காவது முன்கூட்டி அட்டவணை தந்தார்கள். குரங்குக்கு அட்டவணை கிடையாது.

ஆகவே கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். மேசைக்கு அடியில் இருக்கும் சிறிய யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். கணினியை ஒழுங்காக நிறுத்த அது போதும், தரமுயர்த்தி முடிக்கப் போதாது. பொதிகளை இறக்கிய பிறகு அவற்றை நிறுவும் கட்டம் மட்டுமே அரை மணியிலிருந்து ஒரு மணிநேரம் வரை பிடிக்கும். பழைய சுழல் வன்தட்டு என்றால் அதற்கும் மேலே. ஜெனரேட்டர் உள்ள நிறுவனம் அன்று அதில் டீசல் இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாத இடத்தில் யூபிஎஸ் பற்றரியையாவது ஒருமுறை பிளக்கைக் கழற்றிச் சோதித்துப் பார்ப்பது நல்லது. இரண்டு மூன்று வருடப் பழைய பற்றரி விளக்கெரியக் காட்டும், சுமை ஏறியதும் படுத்துவிடும். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை மாரி. 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்தவர் இல்லை. இடி மின்னல் பருவத்தில் இந்த வேலையை வைக்காதிருப்பது நல்லது. பரீட்சைக் காலமும் வேண்டாம்.

நாள் குறித்த பிறகு சேர்வரின் வயிற்றைப் பார்க்க வேண்டும். ‘டிஎஃப் -எச்’ எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும். மூலப் பகுதியில் சில ஜிகாபைட் காலியாக இருக்கட்டும். பலர் தவறவிடுவது ‘பூட்’ பகுதியை. அதற்குத் தனியாகச் சிறிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தால், பழைய கேர்னல்கள் சேர்ந்து சேர்ந்து அது நிரம்பியிருக்கும். டெபியன் 13இன் வெளியீட்டுக் குறிப்பு அந்தப் பகுதி குறைந்தது 768 மெகாபைட் இருக்க வேண்டும், அதில் சுமார் 300 காலியாக இருக்க வேண்டும் என்கிறது. ‘சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பழைய கேர்னல்களை அகற்றித் தரும். அடுத்து ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’: யாராவது முன்னொரு காலத்தில் ஏதாவது பொதியை மாறவிடாமல் பிடித்து வைத்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். வெளியார் களஞ்சியங்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். தரமுயர்த்தும்போது உபுண்டு அவற்றை முடக்கிவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பது நம் பொறுப்பு.

இவையெல்லாம் அரை மணிநேர வேலை. உண்மையில் மண்டையைக் குடைவது, சேர்வருக்கு மேலே ஓடும் மென்பொருள்தான். பாடசாலையோ பல்கலைக்கழகமோ, கல்வி நிறுவனம் என்றால் அங்கே பெரும்பாலும் மூடில் என்ற பாட முகாமைத்துவத் தளம் இருக்கும். கொரோனாக் காலத்தில் வகுப்பறை மூடியபோது மாணவர்கள் பலர் அதற்குள் குடியேறினார்கள். மூடிலுக்கு பிஎச்பி வேண்டும். இயங்குதளத்தை மாற்றினால் பிஎச்பியும் கூடவே மாறும். உபுண்டு 20.04 கொண்டுவருவது பிஎச்பி 7.4. 22.04இல் 8.1. 24.04இல் 8.3. ஒவ்வொரு மூடில் பதிப்பும் இவற்றில் சிலதை மட்டும்தான் ஏற்கும்.

20.04இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு பழைய மூடில் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது போஸ்ட்கிரஸ் 12. நேரே இயங்குதளத்தை உயர்த்தினால், 8.1ஐத் தெரியாத பழைய மூடில் வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பாலமாக உதவுவது மூடில் 4.1. அது 7.4இலும் ஓடும், 8.1இலும் ஓடும். எனவே 20.04இல் இருக்கும்போதே மூடிலை 4.1க்கு ஏற்ற வேண்டும். பிறகு இயங்குதளத்தை 22.04க்கு. அங்கே நின்று மூடிலை 4.5க்கு உயர்த்த வேண்டும், அதற்கு 8.1 போதும், 8.3ஐயும் ஏற்கும், போஸ்ட்கிரஸ் 13ஆவது கேட்கும், 22.04இலோ 14 இருக்கிறது; ஆனால் 12இல் உள்ள தரவை முதலில் 14க்கு நகர்த்த வேண்டும், வழி கீழே. கடைசியாக இயங்குதளம் 24.04க்கு. நான்கு படி, இரண்டு காலில் மாறி மாறி. அவசரத்தில் ஒரு காலை முன்கூட்டி எடுத்துவைத்தால் விழுவது நிச்சயம். ஒரே நாளில் நாலையும் ஏறிவிட நினைப்பதும் வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் பிறகு ஒரு கிழமையாவது மாணவர்கள் பாவித்துப் பார்க்கட்டும்.

மூடில் அல்லாத வேறெதுவானாலும் கணக்கு இதேதான். நூலக மென்பொருளோ, விக்கியோ, கணக்கு வைக்கும் செயலியோ, எந்த பிஎச்பி, எந்தத் தரவுத்தளம் கேட்கிறது என்று அதன் ஆவணத்தில் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டால் பாதை தெரிந்துவிடும்.

பெக்கப் எடுக்கும்போது மூடிலுக்கு மூன்று பொருள் வேண்டும்: தரவுத்தளம், மாணவர் கோப்புகள் கிடக்கும் ‘மூடில்டேட்டா’ கோப்புறை, அமைப்புக் கோப்பு. முதலில் தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு ‘பிஜி_டம்ப்’ கொண்டு தரவுத்தளத்தை இறக்கலாம். ‘இடிசி’ கோப்புறையையும் முழுதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்வரின் எல்லா அமைப்பும் அதற்குள்தான். பிறகு அந்தப் பிரதி வெளி வன்தட்டுக்குப் போகட்டும். போனதும் வயரைக் கழற்றிவிட வேண்டும். அதே சேர்வரின் இன்னொரு கோப்புறையில் கிடக்கும் பிரதியைப் பெக்கப் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. இன்னொரு கணினியில் அதை ஏற்றி, ஒரு மாணவரின் பெயரைத் தேடிப் பார்த்தால்தான் எடுத்தது வேலை செய்கிறதா என்று தெரியும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாதவர்கள் தரமுயர்த்தாமல் இருப்பதே மேல்.

தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்பவர் இணைப்பு அறுவதையும் எதிர்பார்க்க வேண்டும். ஒட்டுசுட்டானில் உள்ள சேர்வரை வவுனியாவில் இருந்து ஒருவர் இயக்குகிறார். நடுவில் கைபேசி டேட்டா போய்விட்டால், வெறும் டேர்மினலில் ஓடிய வேலையும் அதோடு செத்துப்போகலாம். ‘டீமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ உள்ளே வேலையைத் தொடங்கினால் இணைப்புப் போனாலும் வேலை ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். உபுண்டுவின் தரமுயர்த்தும் கருவி தானாகவே ஸ்கிரீனுக்குள் போய்விடும். எஸ்எஸ்எச் வழியாக வந்திருப்பதைக் கண்டால் 1022 என்ற போர்ட்டில் அவசரத்துக்கு இரண்டாவது எஸ்எஸ்எச் கதவு ஒன்றையும் திறக்கலாமா என்று கேட்கும். ஆனால் அந்தப் போர்ட்டை நிறுவனத்தின் ஃபயர்வால் மறித்து வைத்திருந்தால் கதவு திறந்தும் பயனில்லை. வலையமைப்பு உத்தியோகத்தரிடம் முதல்நாளே சொல்லித் திறப்பித்து, முடிந்ததும் மூடுவிக்க வேண்டும்.

இறக்க வேண்டிய பொதிகள் ஒரு சாதாரண சேர்வருக்கு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டலாம். பல்கலைக்கழக இணைப்பில் இது ஒன்றுமில்லை. டொங்கிளை நம்பியிருக்கும் இடத்தில் இது பணம். டெபியனில் ஆப்ட் கட்டளையோடு ‘-டி’ என்ற தெரிவைச் சேர்த்தால் பொதிகளை இறக்கி வைப்பதோடு நின்றுவிடும்; இரவு டேட்டாவில் இறக்கிவிட்டுக் காலையில் நிறுவலாம், நடுவில் இணையம் போனாலும் கவலையில்லை. ஒரே அறையில் மூன்று நான்கு சேர்வர் இருந்தால் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’யை ஒன்றில் நிறுவிவிட வேண்டும். முதலாவது சேர்வர் இறக்கிய பொதியையே மற்றவை உள்ளிருந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போதுதான் கட்டளை. ‘சுடோ ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘சுடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’, இவை இப்போதுள்ள பதிப்பையே நுனிவரை புதுப்பிக்கும். ஒருமுறை மறுதொடக்கம். பழுது ஏதும் ஏற்கெனவே இருந்தால் அது இங்கே தலைகாட்டட்டும், தரமுயர்த்தலின் தலையில் விழ வேண்டாம். அதன்பின் உபுண்டுவில் ‘சுடோ டூ-ரிலீஸ்-அப்கிரேட்’. டெபியனில் அப்படியொரு தனிக் கருவி இல்லை; ‘சோர்சஸ்.லிஸ்ட்’ கோப்பைத் திறந்து பழைய பதிப்பின் பெயரை, உதாரணமாக ‘புக்வேர்ம்’ என்பதை, ‘ட்ரிக்ஸி’ என்று மாற்ற வேண்டும். பிறகு அப்டேட், புதிய பொதிகளைச் சேர்க்காத ஒரு குறுகிய அப்கிரேட், கடைசியில் ஃபுல்-அப்கிரேட். 11இலிருந்து 12க்கு வருபவர் வன்பொருள் நிரல்களுக்கென்று 12இல் புதிதாகப் பிரிக்கப்பட்ட ‘நொன்-ஃப்ரீ-ஃபர்ம்வெயர்’ பகுதியையும் அந்தக் கோப்பில் சேர்க்க மறக்கக் கூடாது. மறந்தால் சில வலையமைப்பு அட்டைகளுக்குப் புதுப்பிப்பு வராது.

நடுவில் கேள்விகள் வரும். நாம் கைவைத்த அமைப்புக் கோப்பொன்றைப் புதிய பதிப்பும் மாற்ற விரும்பினால், எது இருக்கட்டும் என்று கேட்கும். ‘டி’ அழுத்தினால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று காட்டும். யோசிக்க நேரமில்லை என்றால் ‘என்’. நம்முடையது இருக்கும், புதியது பக்கத்தில் ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வால் ஒட்டிச் சேமிக்கப்படும், பிறகு ஆறுதலாக ஒப்பிடலாம். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புக்கு எப்போதும் ‘என்’ சொல்வதே பாதுகாப்பு. கடைசியில், தேவையற்றுப்போன பொதிகளை அகற்றவா என்றும் கேட்கும். போஸ்ட்கிரஸ் ஓடும் சேர்வரில் இதற்கு உடனே ஆம் சொல்லக் கூடாது. ஏன் என்பது கொஞ்சம் கீழே.

இதற்கிடையில் கரண்ட் போய்விட்டால்? பதறத் தேவையில்லை. ‘டிபிகேஜி’ ஒவ்வொரு பொதியையும் விரித்தாயிற்றா, அமைத்தாயிற்றா என்று தன் நிலைக்கோப்பில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் வந்து சேர்வர் எழும்பினால் ‘சுடோ டிபிகேஜி --கொன்ஃபிகர் -ஏ’ விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன்பின் ‘சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டோல்’ அறுந்த தொடர்புகளைச் சேர்க்கும். எழும்பவே இல்லை என்றால் கேர்னல் எழுதும் நேரத்தில் கரண்ட் போயிருக்கலாம். பூட் பட்டியலில் பழைய கேர்னலைத் தெரிந்து பார்க்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் யுஎஸ்பி தடியில் உள்ள லினக்ஸால் எழுப்பி, ‘சிஎச்ரூட்’ மூலம் சேர்வரின் வன்தட்டுக்குள் புகுந்து அதே இரண்டு கட்டளைகளையும் ஓட்டலாம். அந்த யுஎஸ்பியை முதல்நாளே செய்து வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி.

மறுதொடக்கம்தான் நெஞ்சு அடிக்கும் நேரம். புதிய கேர்னல் வலையமைப்பு அட்டைக்கு வேறு பெயர் சூட்டிவிட்டால், சேர்வர் நலமாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஒருவராலும் உள்ளே போக முடியாது. மாங்குளம் சந்தியால் திரும்பி முல்லைத்தீவு வரை ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆகவே அந்த நேரத்தில் சேர்வருக்குப் பக்கத்தில், திரையும் விசைப்பலகையும் மாட்டியபடி, கைபேசியில் பேசக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. திரையில் தெரிவதை எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்லக்கூடிய உயர்தர மாணவர் போதும்.

உள்ளே போனதும் போஸ்ட்கிரஸ். 24.04 கொண்டுவருவது 16. தரவோ இன்னும் 14இல் இருக்கிறது. புதிய 16 வெறும் கொத்தாக 5433 போர்ட்டில் நிற்கும், பழையது 5432இல். பழைய பொதியை அகற்றும் கேள்விக்கு முதலே ஆம் சொல்லியிருந்தால், தரவு வட்டில் கிடக்க அதைத் திறக்கும் மென்பொருள் போயிருக்கும். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ தட்டி எது எது என்று பார்த்து, வெறுமையான 16ஐ ‘பிஜி_டிராப்கிளஸ்டர்’ மூலம் அகற்ற வேண்டும். எண்ணை இருமுறை வாசித்த பிறகே என்டர். அடுத்து ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 14 மெயின்’. இது வழமையாகத் தரவை இறக்கி மறுபடி ஏற்றுவதால் வட்டில் இரட்டிப்பு இடம் வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு: சுட்டிகள் எல்லாம் புதிதாகக் கட்டப்படும். இயங்குதளத்தின் எழுத்து வரிசை விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. பழைய சுட்டியோடு விட்டால் தமிழில் பதிந்த மாணவர் பெயரைத் தேடும்போது இருக்கும் பெயரை இல்லை என்று சொல்லும் ஆபத்து உண்டு.

நேரத்தையும் ‘டைம்டேட்சிடிஎல்’ தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசியா/கொழும்பு என்று இருக்க வேண்டும். இந்த நாட்டின் மணிக்கூடு 1996இல் இருமுறை மாறி 2006 ஏப்ரலில் பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணிநேரம் முன் என்ற கணக்குக்குத் திரும்பியதை லினக்ஸின் நேரவலயப் பொதி குறித்து வைத்திருக்கிறது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் மணிக்கூட்டை மாற்றவே இல்லை, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து உள்ளே போனால் நேரம் அரை மணி பின்னே போகும். அந்தக் காலத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி ஏற்றுபவர்களுக்கு இது இன்றும் தலையிடி. பொதியில் வன்னிக்கென்று தனி வலயம் கிடையாது.

முறைப்பாடுகள் அடுத்த நாள் காலையில் தொடங்கும். 22.04 முதல் எஸ்எஸ்எச், பழைய எஸ்எச்ஏ-1 முறையில் ஒப்பமிடும் ஆர்எஸ்ஏ சாவிகளை ஏற்காது. 2021க்கு முந்திய ‘புட்டி’ என்ற எஸ்எஸ்எச் செயலியைப் பாவிக்கும் ஒருவர் தன் சாவி பழுது என்று அழைப்பார். சாவி நல்லதுதான், அவர் புட்டியைப் புதுப்பித்தால் போதும். வெளியார் களஞ்சியங்களைப் புதிய பதிப்புக்குரிய பெயரோடு ஒவ்வொன்றாகத் திறந்து, ஃபயர்வாலில் 1022ஐ மூடுவித்து, ‘வார்/லொக்/டிஸ்ட்-அப்கிரேட்’ கோப்புறையில் உள்ள பதிவைப் பெக்கப் வன்தட்டில் ஒரு பிரதி போட்டு வைக்க வேண்டும். பழைய போஸ்ட்கிரஸ் 14 கொத்தையும் அதன் பொதியையும் ஒரு மாதம் கழித்து அகற்றலாம், அதற்குள் ஒரு பரீட்சையாவது புதிய சேர்வரில் நடந்திருந்தால்.